போக்குவரத்து வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டுக் கெடுவை யார் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் போக்குவரத்து விதிமீறல்களையும் அபராதங்களையும் பற்றிய செய்தி தங்கள் நாளிதழில் வராத வாரம் அபூர்வம். எந்தச் சந்திப்பில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்கள், நிலுவை எவ்வளவு, தள்ளுபடி உண்டா என்பதெல்லாம் விரிவாகவே வருகின்றன. 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவை அபராதங்களில் பாதியைத் தள்ளுபடி செய்தபோது, எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்ற விவரங்கள் நாள்தோறும் வெளிவந்து பலருக்கும் பயன்பட்டன. ஆனால் காவல் துறையோடு முடியாமல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அங்கே குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடிபட்டவருக்கு இழப்பீடும் கொடுக்க வேண்டுமென்று உத்தரவு பெற்றவர் அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதைப் பற்றி எவரும் எழுதுவதாகத் தெரியவில்லை. இந்நகரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைச் சொல்லவும், அதையொட்டி ஒரு கோரிக்கையை முன்வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சிறிய போக்குவரத்து வழக்கில் ஒருவர் தண்டிக்கப்படும்போது, அவருக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு என்பதையும் அதற்கான கெடு எத்தனை நாள் என்பதையும், அவர் படிக்கத் தெரிந்த மொழியில், எழுத்தில், அந்த நீதிமன்றமே அன்றே கொடுக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தலைக்கவசம் அணியாதது, தடை செய்யப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தியது போன்றவற்றுக்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அதிகாரியிடம் உரிய தொகையைக் கட்டினால் அது சமரசத் தொகையாகும். விவகாரம் அத்துடன் முடிகிறது, கட்டியவர் குற்றவாளி ஆவதில்லை. அதே தொகையை நீதிமன்றத்தில் நின்று, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொல்லிக் கட்டினால் அது தண்டனை. ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே குற்றவாளி என்ற தீர்ப்பு ஏறுகிறது. இரண்டுக்கும் கையில் கிடைப்பது ஒரு ரசீதுதான் என்பதால், இரண்டையும் ‘ஃபைன் கட்டியாச்சு’ என்ற ஒரே சொல்லால் முடித்துக்கொள்கிறார்கள். டெல்லியில் 2019இல் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய மெய்நிகர் நீதிமன்றங்களிலும் இதே நிலைதான்: அபராதத்தைக் கட்டும் வழியும் வழக்கை எதிர்த்து நடத்தும் வழியும் திரையில் அடுத்தடுத்து நிற்க, கைப்பேசியில் அவசரமாகப் பார்ப்பவர் கட்டுவதைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்.

வண்டி உரசி யாருக்காவது சிறு காயமேனும் ஏற்பட்டால் காவலரிடம் பணம் கட்டி முடிக்கும் வழியே இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவும் (பழைய 279) 125(அ) பிரிவும் (பழைய 337) சேர்த்து வழக்குப் பதிவாகிறது. முதலாவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டிலும் சிறை, அபராதம் இரண்டையும் சேர்த்து விதிக்கவும் இடமுண்டு. கொலை, கொள்ளை வழக்குகளுக்கு நடுவே இவை அற்பமாகத் தோன்றலாம். மஞ்சள் பலகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அவை அற்பமல்ல. பேட்ஜ் கேட்கும்போதும், நிறுவனங்களில் ஓட்டுநர் வேலைக்குப் போகும்போதும், வளைகுடா நாடுகளுக்குச் செல்லப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்கும்போதும் அந்தத் தீர்ப்பு அவர் முன்னால் வந்து நிற்கும்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் விசாரணை வரை போவதேயில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் முதல் வாய்தாவிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஒப்புக்கொள்வது தவறென்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே தவறு செய்தவர் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் அது எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டின் விவரத்தை அவருக்கு எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாரா, எதிர்த்துச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், 275ஆவது பிரிவின்படி, அவர் சொன்ன சொற்களிலேயே இயன்றவரை அதைப் பதிவு செய்ய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை 251, 252 என்ற எண்களில் இருந்தவைதாம். நடைமுறையில் நான் கண்டது, முன்கூட்டியே அச்சிட்ட படிவத்தில் பெயரையும் வழக்கு எண்ணையும் நிரப்பிக் கையெழுத்து வாங்குவது. ‘அந்த ஸ்கூட்டர்தான் திடீரென்று குறுக்கே வந்தது, இருந்தாலும் போகட்டும் சார், கட்டிவிடுகிறேன்’ என்று ஒருவர் சொல்வாரானால், அது குற்றத்தை ஒப்புக்கொள்வதே ஆகாது. தம் பக்க நியாயத்தைச் சொல்லிவிட்டு அலைச்சலுக்குப் பயந்து விட்டுக்கொடுப்பதாகும். படிவத்தில் அந்த முதல் பாதிக்கு இடமில்லை. மாஜிஸ்திரேட்டுகளைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஒரே காலைப்பொழுதில் அவர்கள் முன் வந்து குவியும் வழக்குக் கட்டுகளைத் தூக்கி வைத்தவன் நான்.

இந்த ஒப்புதல் விஷயத்தில் கர்நாடகத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கு ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் முடிவான திப்பசாமி வழக்கு அது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர், குறைந்த தண்டனையோடு முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்; அரசின் முறையீட்டின் பேரில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டியது. குறைந்த தண்டனை என்று நம்பவைத்து ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டுப் பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்கு மாறானது என்று கூறி, வழக்கை முறைப்படி விசாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும், நீதிமன்றத் தாழ்வாரங்களில் ‘ஒப்புக்கொண்டுவிடு, ஆயிரத்தோடு போய்விடும்’ என்ற அறிவுரை இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. சில சமயம் அதற்கும் கட்டணம் உண்டு.

அந்த அறிவுரையைக் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் பகுதியில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநர். இடப்புறம் திரும்பும்போது ஸ்கூட்டரில் வந்த பெண் ஒருவர் மீது வண்டி உரச, அவர் விழுந்து முழங்காலிலும் முழங்கையிலும் காயமடைந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். சில வாரங்கள் வேலைக்குப் போக முடியாமல் கூலி இழந்தார். ஓட்டுநர் ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது தண்டனை. 30,000 ரூபாய் இழப்பீடு, தவறினால் ஒரு மாதம் சிறை என்பது உத்தரவின் அடுத்த வரி. முதல் வரி அவருக்குப் புரிந்தது, மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினார். அடுத்த வரி ஆங்கிலத்தில் படிக்கப்பட்ட வேகத்தில் நழுவிப்போயிற்று. பணம் கட்டாததால் பிடியாணை வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் அப்படியோர் உத்தரவு இருப்பதே குடும்பத்துக்குத் தெரிந்தது. அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருந்தது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 395ஆவது பிரிவு (பழைய 357) இரண்டு வழிகளைக் காட்டுகிறது. தண்டனையில் அபராதம் இருந்தால், அந்த அபராதத் தொகையிலிருந்து ஒரு பகுதியையோ முழுவதையுமோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம். தண்டனையில் அபராதமே இல்லாதபோது, தனியாக ஓர் இழப்பீட்டுத் தொகையை விதிக்கலாம். இதற்கு உச்சவரம்பு குறிப்பிடப்படவில்லை. ஆகவே, ஒருவருக்கு அபராதமும் விதித்து, அதற்கு மேல் தனியாக இழப்பீடும் விதித்திருந்தால், அந்த உத்தரவு சட்டப்படி செல்லுமா என்பதே மேல்முறையீட்டில் எழுப்பத்தக்க வலுவான கேள்வி. தொகை அபராதத்தின் பகுதியா, தனி இழப்பீடா என்பது உத்தரவைக் கையில் வைத்துப் படித்தால்தான் தெரியும்; கேட்டவர் சொல்லிக் கேட்டதை வைத்து எந்த வழக்கறிஞராலும் கருத்துச் சொல்ல முடியாது.

உச்சவரம்பு இல்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் விதிக்கலாம் என்று பொருளல்ல. இழப்பீடு வழங்கும் அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று 1988இல் ஹரி சிங் வழக்கில் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்திய அதே உச்ச நீதிமன்றம்தான், தொகை நியாயமானதாக இருக்க வேண்டும், செலுத்த வேண்டியவரின் சக்தியைப் பார்க்க வேண்டும், தவணைகளாகக் கட்டவும் அவகாசம் தரலாம் என்று அத்தீர்ப்பிலேயே கூறியது. 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்பதை நீதிமன்றம் மனம் செலுத்தி ஆராய்ந்து, அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. நான் சொன்ன ஆட்டோ ஓட்டுநரிடம் வண்டி சொந்தமா வாடகையா, மாதம் எவ்வளவு மிஞ்சும், வீட்டில் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாள் வாடகைக்கு எடுத்த வண்டி என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்திருக்கும். ‘காப்பீடு இருக்கிறதே, அவர்கள் கட்டமாட்டார்களா’ என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். மூன்றாம் நபர் காப்பீடு என்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கும் தொகைக்கானது. குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளியின் மீது விதிக்கும் தொகை அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் போக வேண்டும். பிற்பாடு அதே விபத்துக்காக உரிமையியல் வழக்கு நடந்தால், ஏற்கெனவே கொடுத்த தொகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 395(5) சொல்கிறது. அதனால் கட்டிய பணத்துக்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இனி மேல்முறையீடு. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பை எதிர்த்துச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி அதற்குக் கெடு தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது தயாராகும் வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு: புதிய நடைமுறைச் சட்டத்தின் 404ஆவது பிரிவின்படி, மேல்முறையீட்டுக்கு இடமுள்ள தீர்ப்பின் சான்றிட்ட நகலை, குற்றம் சாட்டப்பட்டவர் மனுச் செய்தால், கட்டணமின்றித் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும், அவர் விரும்பினால், இயலுமானால், அவருடைய சொந்த மொழியிலேயே மொழிபெயர்த்துத் தர வேண்டும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் டேனரி ரோட்டிலும் பல தலைமுறையாக வாழும் தமிழர் கன்னடத்தைத் தமிழைப் போலவே பேசுவார்கள். ஆனால் நீதிமன்றக் கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்குப் பள்ளிப்படிப்பு வாய்த்தவர்கள் அவர்களில் எல்லோரும் அல்லர். கன்னடம் நீதிமன்ற மொழியாக இருப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை; பணிக்காலம் முழுவதும் கன்னடத்தில் எழுதியவன் நான். சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மேல்முறையீடு செய்யவே முடியாது என்பது பரவலாக உள்ள நம்பிக்கை. அது பாதி உண்மை. மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர், 416ஆவது பிரிவின்படி, குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து முறையிட முடியாது. ஆனால் தண்டனையின் அளவு, அது சட்டப்படி செல்லுமா என்ற இரண்டையும் கேள்வி கேட்கலாம். ஒப்புதலே முறைப்படி பதிவாகவில்லை என்றால் அதைச் சீராய்வு மனுவாக, அதாவது நடந்தது முறைப்படிதானா என்று மேல் நீதிமன்றம் பார்க்கக் கோரும் மனுவாக, எடுத்துச் செல்லவும் வழியுண்டு. அதற்குக் கெடு 90 நாள். ‘அப்பீல் போனால் தண்டனை கூடிவிடும்’ என்பது இன்னோர் அச்சம். தண்டிக்கப்பட்டவர் தாமே செய்யும் மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், மாற்றலாம், நீக்கலாம். அந்த மேல்முறையீட்டில் அதைக் கூட்ட முடியாது. மூன்றாவதாக, மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் இழப்பீட்டில் 20 சதவீதத்தை முன்பணமாகக் கட்டியே ஆக வேண்டும் என்று எவரோ அந்த ஓட்டுநரிடம் சொல்லியிருந்தார். அது காசோலை மோசடி வழக்குகளுக்காக 2018இல் கொண்டுவரப்பட்ட விதி; போக்குவரத்து வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேல்முறையீடு முடியும் வரை உத்தரவை நிறுத்திவைக்கும்படி நடைமுறைச் சட்டத்தின் 430ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்யலாம்; ஒரு பகுதியைக் கட்டச் சொல்வதும் சொல்லாததும் நீதிமன்றத்தின் விருப்பம்.

அந்த ஆட்டோ ஓட்டுநர் விஷயத்தில் கெடு தாண்டிவிட்டதால், தாமதத்தை மன்னிக்கும்படி காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் கீழ் மனுவும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. உத்தரவின் பொருளே தமக்குத் தெரியாது என்று அவர் கொடுத்த விளக்கத்தைச் செஷன்ஸ் நீதிமன்றம் ஏற்றது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. அவருடைய வருமானத்தை விசாரிக்காமலே தொகை விதிக்கப்பட்டது சரியல்ல என்று சொல்லி, இழப்பீட்டைக் குறைத்து, மாதத் தவணைகளாகக் கட்ட அனுமதித்தது. அந்தப் பெண்ணும் தவணைக்குச் சம்மதித்தார். முழுத் தொகையை விதித்துவிட்டு ஒரு ரூபாய்கூட வராமல் காத்திருப்பதை விட, மாதாமாதம் கொஞ்சம் கைக்கு வருவது அவருக்கும் மேலாகவே பட்டது.

நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, முதல் முறை சிறு குற்றம் செய்தவரை எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கலாம். அவ்வாறு விடுவிக்கும்போதும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிடலாம். இச்சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, அப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பு ஏற்படாது. அரசுப் பேருந்துக் கழகத்தில் ஓட்டுநர் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று சொல்ல வேண்டியதில்லை. மரணம் விளைவித்த விபத்துகளில் இந்தச் சலுகை கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. சிராய்ப்பு வழக்குகளின் நிலை வேறு. மேல்முறையீட்டு நீதிமன்றமே இந்தச் சலுகையை வழங்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்?

இவ்வளவு வழிகள் இருந்தும் அவை தெரியாமல் போவதற்குக் காரணம், தண்டிக்கப்பட்டவரிடம் அவற்றைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்பதுதான். நான் மேலே சொன்ன அதே 404ஆவது பிரிவில் இன்னொரு துணைப்பிரிவு உண்டு: மேல்முறையீட்டுக் கெடு எத்தனை நாள் என்பதை நீதிமன்றமே குற்றவாளிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. யாருக்கு? மரண தண்டனை பெற்றவருக்கு மட்டும். மரண தண்டனை பெற்றவருக்காவது வழக்கறிஞர் இருப்பார், அவருக்காக உயர் நீதிமன்றம் தானாகவே தண்டனையை உறுதிசெய்யும் விசாரணை நடத்தும். யாரும் துணையில்லாமல் தனியாக வந்து, ஒப்புக்கொண்டு, உத்தரவு புரியாமல் வீடு திரும்பும் ஆட்டோ ஓட்டுநருக்குத்தான் அந்தச் செய்தி மிகவும் தேவை, அவருக்குத்தான் அது சொல்லப்படுவதில்லை. சட்டத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்தால் அது அற்ப வழக்கு, மேல்முறையீடு கிடையாது. சிறு வழக்குகளை விரைவாக முடிக்கும் சுருக்க விசாரணையில் இது 200 ரூபாய். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிய இந்த எண்களைப் புதிய சட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றி ஓட்டினால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 என்றெல்லாம் அபராதம் உயர்ந்துவிட்ட நிலையில், 100 ரூபாய் அபராதம் எங்கே இருக்கிறது? ஆகவே நடைமுறையில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்துத் தண்டனைகளுக்கும் மேல்முறையீடு உண்டு. எண்ணைத் திருத்த மறந்ததால் கிடைத்த நன்மை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைப் பயன்படுத்துவோர்தான் இல்லை.

இதையெல்லாம் படிப்பவர்கள், வண்டி ஓட்டியவருக்கே பரிந்து பேசுவதாக நினைத்துவிடக் கூடாது. சாலையில் விழுந்தவருக்கு இழப்பீடு கிடைக்கவே வேண்டும். அவருக்கும் முறையிடும் உரிமை உண்டு: இழப்பீடு போதவில்லை என்றால், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்தார்கள் என்றால், விடுதலையே செய்துவிட்டார்கள் என்றால், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்ய நடைமுறைச் சட்டத்தின் 413ஆவது பிரிவு இடமளிக்கிறது. பழைய சட்டத்தில் 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த உரிமை இது. பணம் கொடுத்துவிட்டால் தண்டனையைக் கழித்துவிடலாம் என்ற எண்ணத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிரிழப்பு ஏற்பட்ட பஞ்சாப் வழக்கு ஒன்றில், 85,000 ரூபாய் இழப்பீடு கட்டப்பட்டதைக் கருதி, ஓராண்டுச் சிறைத் தண்டனையை அனுபவித்த 24 நாட்களாக உயர் நீதிமன்றம் குறைத்ததை 2015இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, ஆறு மாதமாக்கியது. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கொடுக்க இயலாத தொகையை விதித்துவிட்டு, கொடுக்காததற்காகச் சிறைக்கு அனுப்பினால் விழுந்தவர் கைக்கு என்ன வந்துசேரும்?

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில், தண்டனைத் தீர்ப்பின் நகலைக் கொடுக்கும்போது, மேல்முறையீட்டுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும், அதற்கு யாரை அணுக வேண்டும் என்பதையும் தெரிவிக்கும் முகப்புத் தாள் ஒன்றை இணைக்கும்படி நடைமுறை உத்தரவு பிறப்பிப்பதைப் பற்றி உயர் நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சிறைவாசிகளை மனத்தில் வைத்து எழுந்த வழக்கு அது. என் கோரிக்கை அந்தத் தாளைக் கொஞ்சம் நீட்டுவதுதான். சிறைக்குப் போகாத, அபராதமோ இழப்பீடோ மட்டும் விதிக்கப்பட்ட போக்குவரத்து வழக்குகளிலும் அது கொடுக்கப்பட வேண்டும். நகலுக்கு மனுச் செய்பவருக்கு மட்டும் என்றில்லாமல், தண்டிக்கப்பட்ட அன்றே, பணம் கட்டும் ரசீதோடு சேர்த்து எல்லோருக்கும் தர வேண்டும், ஏனெனில் நகல் கேட்கத் தெரிந்தவருக்கு முகப்புத் தாள் இல்லாமலே வழி தெரிந்துவிடும். அதில் தண்டனை என்ன, இழப்பீடு எவ்வளவு, எந்த நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன நடக்கும், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்பவை மட்டும் இருந்தால் போதும். கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அச்சிட்டு வைத்தால், உரியதை எடுத்து நிரப்பிக் கொடுப்பது ஒரு எழுத்தருக்குச் சில நிமிட வேலை. அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை வைத்திருக்கும் மேசையில் இதற்கும் இடம் இருக்கும்.

அதுவரை, பெங்களூருவில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் ஆட்டோ ஓட்டுநர் சங்கங்களும் தம் உறுப்பினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமானத்தைப் பொறுத்தும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ள முடிவெடுப்பவர்கள், அங்கே கையெழுத்திட்ட முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அபராதத் தள்ளுபடி அறிவிப்பு வரும்போது எங்கே கட்டுவது என்று பெட்டிச் செய்தி போடுவதைப் போல, நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் என்ன செய்யலாம் என்பதையும் தங்கள் பெங்களூருப் பதிப்பில் அவ்வப்போது வெளியிட வேண்டும். கெடு தாண்டிவிட்டவர்கள், பிடியாணை வரும்வரை காத்திருக்காமல், தாமதத்துக்கான காரணத்தை விளக்கி காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்யலாம் என்ற வரியும் அதில் இடம்பெற்றால் நன்று.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.